அப்பப்பா எப்போது இறந்தார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மானிப்பாய், உடுவில், வட்டுக்கோட்டைப் பக்கத்து மிசன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் மலாயாவுக்குக் கப்பலேறத் தொடங்கினார்கள். ரயில்வே, நில அளவை, பொதுவேலை எனப் பல கந்தோர்களில் கிளாக்கர்மாராக இருந்து, அனுப்பிய காசில் ஊரில் காணி வாங்கினார்கள், கல்வீடு கட்டினார்கள். சிலர் பென்சனோடு திரும்பினார்கள். சிலர் அங்கேயே கண்ணை மூடினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் இன்று மலேசியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வேர் தேடி வருகையில் முதலில் விசாரிப்பது அப்பப்பா பிறந்த வளவையும் பிறந்த நாளையும்தான். ஆனால் முதலில் நிறுவ வேண்டியது அவர் இறந்த நாள். உரிமையும் ஆபத்தும் அந்தத் தேதியைச் சுற்றியே நிற்கின்றன.

மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், அன்று உயிரோடிருந்த உரித்தாளர் யார் யார் என்பதை வைத்தே காணி இறங்கும். எந்தப் பங்கு யாருக்கு என்பதை யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் தீர்மானிக்கும். மலாயாவில் இறந்தவருக்கும் தேசவழமை செல்லுமா என்ற கேள்விக்கு, அவர் யாழ்ப்பாணத்தைத் தன் நிரந்தர இருப்பிடமாக வைத்திருந்தாரா என்பதைப் பார்க்க வேண்டும். பேரப்பிள்ளை வெளிநாட்டுக் குடியாக இருந்தால் 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டமும் குறுக்கே வரும். வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை அது பொதுவாகத் தடுக்கிறது. நெருங்கிய உறவினர் வழியுரிமையாகவோ நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ பெறுவதற்கு விலக்களிக்கிறது. உறவை நிரூபித்தவருக்கே அந்த விலக்கு. நம்மவர் தேடலில் காணிதான் முன்னுக்கு வரும், கூடவே சண்டையும்.

உரித்தாளர் கடல் கடந்திருக்கும் காணிதான் கள்ள உறுதிக்காரருக்கு வாய்ப்பு. அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் இறந்த கணமே அந்தத் தத்துவமும் இறந்துவிடும். ஆகவே இறந்தவர் பெயரில், இறந்த பிறகு முடிக்கப்பட்ட உறுதியை உடைக்க மரணச் சான்றிதழை விடப் பலமான கடதாசி இல்லை. ஆனால் பலர் அதை எடுக்கும் முன்பே சந்ததி மரத்தை முகநூலில் போட்டுவிடுகிறார்கள். உயிரோடிருப்பவர்களின் முழுப்பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டைப் படம், பழைய உறுதியின் பிரதி எல்லாம் அதில் கிடக்கும். ஆள்மாறாட்டம் செய்ய நினைப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? மரத்தைப் பகிர விரும்பினால் இறந்தவர்களோடு நிறுத்துங்கள். யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் உங்கள் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தைத் தேடுவித்துப் பாருங்கள். 1927 இன் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி அங்கே கேவியற் பதிந்துவைத்தால், பிறகு யாராவது உறுதி பதிய வரும்போது உங்களுக்கு அறிவித்தல் வரும்.

பிறப்பு இறப்புப் பதிவு இலங்கையில் 1867 இலேயே சட்டமானது. மானிப்பாய்ப் பதிவுகளுக்குச் சண்டிலிப்பாயிலுள்ள வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். மலாயாவில் நிகழ்ந்த இறப்புக்கு மலேசியத் தேசியப் பதிவுத் திணைக்களத்தைத்தான் நாட வேண்டும். பெயர் மாறிக் கிடப்பது பெரிய இடையூறு. அமெரிக்க மிசன் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குக் கொடையாளரின் பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியர் சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் என்றும் அறியப்பட்டவர். இரண்டில் ஒன்றை மட்டும் தேடுகிறவருக்குப் பாதி மனிதர்தான் அகப்படுவார். போரிலும் 1995 இடப்பெயர்விலும் வீட்டுக் கடதாசிகள் போனவர்களுக்குக் கைகொடுப்பது அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டு என்னும் நினைவு மலர். அதன் திதி வெண்பா வருடம், மாதம், பட்சம், திதி எல்லாம் சொல்லும். பின்பக்கங்களில் வம்சாவளியும் இருக்கும். சோடனை என்று ஒதுக்க வேண்டாம். இறந்துபோன ஒருவர் உறவுமுறை பற்றிக் குடும்ப வம்சாவளியிலோ கல்லறையிலோ விட்டுச்சென்ற கூற்று, தகராறு எழுமுன் செய்யப்பட்டதானால், சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 32 ஆம் பிரிவின்படி ஏற்கத்தக்கது. கல்வெட்டை அந்த வழியில் முன்வைக்கலாம். நூலகம் இணையத்தளத்தில் இத்தகைய நினைவு மலர்கள் பல உள்ளன.

மரபணுப் பரிசோதனை இருக்க இந்தப் பாடு எதற்கு என்று இளையவர்கள் கேட்கலாம். ஊருக்குள்ளேயே, மச்சான் மச்சாளுக்குள்ளேயே கலியாணம் நடந்த சமூகத்தில் தூரத்து உறவும் கிட்டத்து உறவாகக் கணக்கில் விழும். எச்சிலில் பெயரும் இல்லை, இறந்த திகதியும் இல்லை.

ஊரிலிருப்பவர்களின் மறுப்பு இதைவிடக் கனமானது. ஷெல் விழுந்தபோதும் வளவைக் காத்தது நாங்கள், மூன்றாம் தலைமுறை வந்து பங்கு கேட்பது நியாயமா என்கிறார்கள். மனக்குறை நியாயமானது, அதிலிருந்து அவர்கள் எடுக்கும் சட்ட முடிவு பிழையாகலாம். பத்து வருட ஆட்சி உரித்தாகும் என்பது 1871 இன் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம். ஆனால் கோரியா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவி கவுன்சில் 1911 இல் சொன்னபடி, ஒரு பங்காளி தனியே இருந்து ஆள்வதால் மட்டும் மற்றப் பங்காளியின் உரிமை அழிந்துவிடாது. அவரை வெளிப்படையாக விலக்கியதைக் காட்ட வேண்டும். அந்நியர் ஆண்டால் உரித்தாளருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, அங்கே காலம் ஓடக்கூடும். காத்தவரின் செலவையும் உழைப்பையும் கணக்கிலெடுத்து, எல்லாரும் கையொப்பமிட்ட பிரிவினை உறுதியை நொத்தாரிசு முன் முடிப்பது நல்ல வழி. இணங்காவிட்டால் 1977 இன் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் கிளையில் விசாரிக்கட்டும்.