ஏரோதின் காலத்து விளக்கு

கிருலப்பனை ஒழுங்கைகளில் நத்தார் நட்சத்திர விளக்குகள் தொங்கும் மார்கழிதோறும் யான் நினைவுகூர்வது 2019ஆம் ஆண்டையே. அவ்வாண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

எம் அயல்வீட்டு மூதாட்டியார் செவ்வாய்தோறும் கொச்சிக்கடை செல்பவர். அவ்வாண்டு அவர் விளக்குக் கட்டமாட்டார் என்றே எண்ணினேன். கட்டினார்.

"இம்முறையுமா, அம்மா?" என்றேன்.

"மாஸ்டர், பாலன் பிறந்ததும் ஏரோதின் காலத்திலைதானே?" என்றார்.

யான் சைவன், எனினும் வீரமாமுனிவரின் தேம்பாவணியை மாணாக்கர்க்குக் கற்பிப்பவன். வளன் என்னும் சூசையப்பர் தாயையும் சேயையும் காத்து எகிப்துக்கு ஏகிய வரலாறு, 1983 ஆடியில் அகதிமுகாம் கண்ட கொழும்புத் தமிழர்க்கு விளங்காததன்று. ஆயினும், அவ்வரலாற்றை வாசல் விளக்கோடு யான் இணைத்துப் பார்த்ததில்லை.

கத்தோலிக்கத் தமிழ் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு எனப் பிரித்துரைக்கும். காணாததை மெய்யெனக் கொள்ளுதல் முன்னது. வாராததை வருமெனக் காத்திருத்தல் பின்னது. இடர் தீர்ந்தபின் ஏற்றும் விளக்கு மகிழ்ச்சியின்பாற்படும். தீருமுன் ஏற்றுவதன்றோ நம்பிக்கை!

அன்று மாலை அம்மையார் மூன்று தட்டுகளிற் கேக் பகிர்ந்தார். ஒன்று எமக்கு, ஒன்று எதிர்வீட்டுச் சிங்களவர்க்கு, மற்றொன்று மூலைவீட்டு முஸ்லிம் குடும்பத்தார்க்கு. மூன்றாம் தட்டை ஏந்திய கை நடுங்கக் கண்டேன். ஆயினும் அவர் நடந்தார். அவ்வீட்டுக் கதவும் திறந்தது.