குழுவுக்கு வராத பெண்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மகளிர் குழுக் கூட்டம் என்றாலே கணக்கு வழக்குதான் நினைவுக்கு வரும். சந்தா கட்டினாரா, தவணை பாக்கி எவ்வளவு, அடுத்த கடன் யாருக்கு என்ற பேச்சிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும். அதே கூட்டத்தில் தவறாமல் நடக்கும் இன்னொரு காரியத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பதினைந்து, இருபது பெண்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, வந்திருக்கிறாரா என்று பார்ப்பார்கள். வராதவர் ஏன் வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் காரணம் சொல்வார். மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு கூலிக்காரப் பெண் இரண்டு மாதமாக யாரிடமும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை, வேலைக்கும் போவதில்லை என்பது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரியாது; குழுவுக்குத் தெரியும். பெண்களின் உடலையும் மனத்தையும் சேர்த்துக் கவனிக்கப் புதிதாக ஒரு கட்டடம் தேடுவதைவிட, ஏற்கெனவே ஆள் கணக்கு எடுக்கும் இந்த இடத்தில் அந்த வேலையைத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் வாதம். ஆனால் எல்லாக் குழுக்களுக்கும் இது பொருந்தாது. குழு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது மருந்தாவதும் நஞ்சாவதும்.

இதற்கு மதுரையிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1990இல் பிரதான் என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சியாக மதுரைப் பகுதியில் தொடங்கி, 1997இல் உருவான தானம் அறக்கட்டளையின் துணையோடு வளர்ந்தது களஞ்சியம் இயக்கம். ஊருக்குள் சிறு குழு, பல குழுக்கள் சேர்ந்த தொகுப்பு, அதற்கு மேல் வட்டாரக் களஞ்சியம் என்று மூன்று அடுக்கு. மேலடுக்குகளை நடத்துவதும் குழுக்களிலிருந்து வந்த பெண்களே. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் சேர்த்துப் போகும் கொத்துத் தலைவியாக இருந்த, எழுதப் படிக்கத் தெரியாத பில்லுசேரி சின்னப்பிள்ளை இந்த அமைப்பில்தான் தலைவியாக உயர்ந்தார். 1999ஆம் ஆண்டுக்கான ஸ்த்ரீ சக்தி விருதை வழங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதும், 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததும் ஊரறிந்த செய்தி. வாஜ்பாய் வணங்கிய படம் பரவிய அளவுக்கு, அதே பெண்கள் சேமிப்போடு நிற்காமல் உடல்நலத்தின் பக்கம் நகர்ந்த செய்தி பரவவில்லை. தேனி மாவட்டத்துக் கடமலை வட்டாரக் களஞ்சியம் 2000ஆம் ஆண்டிலேயே தன் உறுப்பினர்களுக்கென மருத்துவக் காப்பீட்டைத் தானே நடத்தத் தொடங்கியது. காப்பீட்டு நிறுவனத்துக்கு முகவராக நிற்காமல், சந்தா வாங்குவதையும் இழப்பீடு கொடுப்பதையும் கூட்டமைப்பே ஏற்றுக்கொண்டது. பிறகு இரத்தச்சோகை, பேறுகால நலம் ஆகியவற்றுக்கான பணிகளும், மதுரையிலும் தேனியிலும் 'சுகம்' என்ற பெயரில் சமூக மருத்துவமனைகளும் வந்தன. ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பங்குதாரர் ஆனார்கள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுவது.

உடலையும் மனத்தையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்? மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி மருத்துவரிடம் போய் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வது அபூர்வம். கைகால் ஓயுது, நெஞ்சு படபடங்குது, தலை கிறுகிறுங்குது, வெள்ளை படுது, ராத்திரி தூக்கமே இல்லை என்பார். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. ஆகவே அசதி என்றதும் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு பெண்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வுகள் கதையின் மறுபாதியைக் காட்டின. நீண்டநாள் அசதிக்கும் வெள்ளைபடுதல் புகாருக்கும் பின்னால், தொற்றையும் இரத்த அளவையும்விட மனநலக் குறைவும் வறுமையும் அழுத்தமாகத் தெரிந்தன. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு இன்னும் நம் வீட்டருகே வருகிறது. அங்கே குழந்தை பெற்ற பெண்களில் 11 விழுக்காட்டினருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. வருமானக் குறைவு, ஆண்பிள்ளையை எதிர்பார்த்துப் பெண்பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, ஒத்தாசைக்கு ஆளில்லாதது ஆகியவை அதற்குத் துணைநின்ற காரணங்கள். இந்தப் பட்டியலில் எதற்கு மாத்திரை இருக்கிறது? ஒரு காலத்தில் பெண்சிசுக் கொலைக்காக நாடே உற்றுப்பார்த்த உசிலம்பட்டி வட்டாரத்தில், இரண்டாவதும் பெண்ணாகப் பெற்றவளின் தூக்கமின்மையை வெறும் உடல்நோயாகப் பார்ப்பது மருத்துவமாகாது.

ஆக, இந்தப் பெண்ணுக்கு வேண்டியவை மூன்று. இரத்தத்தைப் பரிசோதிக்க ஒருவர், பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க ஒருவர், கையில் கொஞ்சம் காசு. மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கக்கூடியது குழுவில்தான். மனநலப் பிரிவுக்கு நாள் குறித்துப் போகிறவளை ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். குழுவுக்குப் போகிறவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. வந்த காரணம் பணம் என்பதே அவளுக்கு ஒரு மறைப்பு.

இது வெறும் நம்பிக்கையல்ல. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஏக்ஜுட் என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை பழங்குடிப் பெண்கள் அதிகமுள்ள கிராமங்களில் மாதந்தோறும் பெண்கள் கூட்டம் நடத்தியது. உள்ளூர்ப் பெண் ஒருத்தி பேச்சை நடத்துவாள். பேறுகாலச் சிக்கல்களைக் கதையாகவும் படமாகவும் வைத்துப் பேசி, தீர்வை அவர்களே முடிவு செய்வார்கள். 2010இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, அந்தக் கிராமங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு 32 விழுக்காடு குறைந்தது. தாய்மாரின் மனச்சோர்வு மொத்தத்தில் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டில் மட்டும் மிதமான மனச்சோர்வு 57 விழுக்காடு குறைந்திருந்தது. இதை ஆரவாரமின்றிப் படிக்க வேண்டும். ஓர் ஆண்டின் எண்ணை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. என்றாலும் நாட்பட்டுப் பழகிய பிறகுதான் குழு மனத்தைத் தொடுகிறது என்று அதிலிருந்து ஊகிக்க இடமிருக்கிறது. சிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் தொடங்கிய முயற்சி வேறு திசையிலிருந்து இதே இடத்துக்கு வருகிறது. மருத்துவமனை வளாகத்து பெஞ்சில் பயிற்சி பெற்ற பாட்டிமார் உட்கார்ந்து, வருகிறவரின் சிக்கலைக் கேட்டு, ஒவ்வொன்றாக அவிழ்க்க வழிகாட்டுவார்கள். 573 பேரை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்கள் பாட்டியிடம் பேசியவர்களில் 14 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 50 விழுக்காடு. பேச்சு முடிந்தபின் அவர்களை ஒரு குழுவில் சேர்த்து, பழைய பிளாஸ்டிக்கில் பை பின்னிச் சம்பாதிக்கவும் கற்றுத்தந்தார்கள். ஹராரே பேச்சிலிருந்து பணத்துக்குப் போனது. மதுரை பணத்திலிருந்து பேச்சுக்குப் போகலாம்.

ஆனால் இதை நன்கொடைத் திட்டமாக அல்லாமல் தொழிலாக நடத்த வேண்டும் என்பது என் எண்ணம். பெண்கள் நலம் சார்ந்த சிறுதொழில் என்றால் நாப்கின் எந்திரம் என்று நினைப்பது நம் பழக்கமாகிவிட்டது. கோவை முருகானந்தத்தின் எந்திரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது ஒரு பொருளை விற்கும் தொழில், நான் சொல்வது ஒரு கவனிப்பைத் தொடர்ந்து தரும் தொழில். நன்கொடைத் திட்டங்கள் பெரும்பாலும் மூன்றாண்டில் முடிந்துவிடும். ஏக்ஜுட் கண்டது போல மனத்தில் பலன் தெரியவே மூன்றாண்டு ஆகிறதென்றால், பலன் வரும் நேரத்தில் கடையைச் சாத்துகிறோம் என்று பொருள். வட்டாரக் கூட்டமைப்பிடம் வட்டி வரவு, காப்பீட்டுச் சந்தா, ஆஸ்பத்திரிக் கட்டணம் என்று சொந்த வருமானம் உண்டு. அதிலிருந்து ஒரு நலப்பணியாளருக்குச் சம்பளம் கொடுத்தால், திட்டம் முடிந்தாலும் அவள் வேலையில் இருப்பாள். காசு கொடுத்த உறுப்பினருக்கும் கேட்கும் உரிமை வரும். இலவச முகாமில் மருத்துவர் வராவிட்டால் பெண்கள் பேசாமல் வீடு திரும்புகிறார்கள். தங்கள் சந்தாவில் ஓடும் இடத்தில் ஏன் வரவில்லை என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்பார்கள்.

இதற்கு வரும் மறுப்புகளில் கடுமையானது கடனைப் பற்றியது. பெண்களின் தூக்கத்தைக் கெடுப்பதே குழுக்கடன்தானே, அதையே மருந்தென்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். மறுப்பு நியாயமானது. 2010இல் ஆந்திரத்தில் நுண்கடன் நிறுவனங்களின் வசூல் நெருக்கடியும் தற்கொலைகளும் அரசை அவசரச் சட்டம் கொண்டுவர வைத்தன. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடும் 2025இல் தனிச் சட்டம் இயற்றியது. வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்கும் வசூல்காரரும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும் என்ற கூட்டுப் பொறுப்பும் சேர்ந்தால், அதே வருகைப் பதிவேடு மிரட்டும் ஆவணமாகிவிடும். வராதவள் அங்கே நோயாளியாகத் தெரியமாட்டாள், ஓடிப்போனவளாகத் தெரிவாள். வித்தியாசம் உடைமையில் இருக்கிறது. நுண்கடன் நிறுவனத்தில் வட்டி வெளியே போகிறது. தவணையைத் தள்ளிவைக்க அந்தப் பெண்களுக்கு அதிகாரம் இல்லை. சொந்தச் சேமிப்பில் நடக்கும் குழுவில் வட்டி உள்ளேயே சுற்றுகிறது. பிரசவமோ சாவோ வந்தால் இரண்டு மாதம் பொறுக்கலாம் என்று அவர்களே தீர்மானிக்கலாம். தீர்மானிப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. களஞ்சியத்திலும் சக உறுப்பினரின் நெருக்குதல் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த நெருக்குதலால்தான் கடன் திரும்புகிறது. அதனால் விதி ஒன்று வேண்டும்: உடல், மன நலம் பார்க்கிறவள் எந்தக் காரணத்துக்கும் தவணை கேட்கக் கூடாது, கடன் ஏட்டைத் தொடவும் கூடாது. இந்தச் சுவர் இல்லாத குழுவில் இந்த வேலையைத் தொடங்காமலிருப்பதே நல்லது.

பத்தாம் வகுப்பு படித்த கிராமத்துப் பெண் மனநோய்க்கு மருத்துவம் பார்ப்பதா என்பது இன்னொரு மறுப்பு. இதை மதுரைக்காரர்கள் கேட்பதுதான் வேடிக்கை. 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகப் புகழ் பெற்றதற்கு ஒரு காரணம், கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, மருத்துவர் செய்யத் தேவையில்லாத வேலைகளையெல்லாம் அவர்களிடம் ஒப்படைத்ததுதான். நோயை உறுதிசெய்வதும் அறுவையும் மருத்துவர் கையில். மனநலத்திலும் எல்லைக்கோட்டை அப்படியே போடலாம். கேட்பது, சில கேள்விகளால் தீவிரத்தை அளப்பது, இரத்த அழுத்தமும் இரத்தச்சோகையும் பார்ப்பது, வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போவது வரை இந்தப் பெண்ணின் வேலை. சாகத் தோன்றுகிறது என்று ஒருத்தி சொன்னாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, அன்றே மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். 1992இல் மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் மதுரையில் நிறுவிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற இடங்களும் இந்த ஊரில் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டது மதுரையிலிருந்து தொலைதூரத்தில் அல்ல. எங்கே அனுப்புவது என்று சொல்ல ஆளில்லாத குடும்பங்கள்தாம் அப்படிப்பட்ட கொட்டகைகளைத் தேடிப் போகின்றன.

அரசே இலவசமாகச் செய்யும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடுவீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருகிறது. அதற்கான பெண் தன்னார்வலர்களை மகளிர் குழுக்களிலிருந்தே எடுத்தார்கள். அதாவது அரசும் கடைசியில் குழுவின் கதவைத்தான் தட்டியிருக்கிறது. மாத்திரைப் பட்டியலோடு வருகிறவளுக்கு ஒரு வீட்டில் அரைமணி நேரம் உட்கார அவகாசம் இல்லை என்பதுதான் குறை. முதலமைச்சரின் காப்பீடு அறுவைக்கும் படுக்கைக்கும் கைகொடுக்கும். தூக்கமில்லாதவளை அறுவை அரங்குக்கு அனுப்ப முடியாது.

மிஞ்சுவது, எனக்கும் முழுதாக விடை தெரியாத சிக்கல். ஊர்க்குழுவில் சொன்னது ஊருக்கே தெரிந்துவிடும். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றி, அவனுடைய அத்தை உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் யார் பேசுவார்? பல ஊர்களில் குழுக்கள் தெருவை ஒட்டி, அதாவது சாதியை ஒட்டி அமைந்தவை. மேலத்தெருப் பணியாளர் கீழத்தெருப் பெண்ணின் வாசற்படி ஏறமாட்டார் என்றால் பயிற்சியால் ஆகப்போவது ஒன்றுமில்லை. மூன்றடுக்கு அமைப்பு இதற்கு ஓரளவு உதவும். கேட்கிறவளை அந்த ஊர்க்குழுவிலிருந்து எடுக்காமல், வட்டாரத்தின் வேறு முனையிலிருந்து எடுக்கலாம். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து இருக்கும்போது கேட்கிறவள் இந்த ஊருக்கு வருவதும், பேச வேண்டியவள் தொகுப்பு அலுவலகத்துக்குப் போய்த் தனியாகப் பேசுவதும் நடக்காத காரியமல்ல. கேட்ட எதையும் தன் குழுவில் சொல்லமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தவளுக்கு மட்டுமே வேலை என்றும், மீறினால் வேலை போகும் என்றும் இருக்க வேண்டும். அடுத்தது அவள் சம்பளம். வைகைப் பாசனம் பொய்த்து, தவணைகள் நின்றுபோகும் ஆண்டில் கூட்டமைப்பின் வட்டி வரவு சுருங்கும். முதலில் வெட்டத் தோன்றுவது இந்தச் சம்பளத்தைத்தான். ஆனால் அந்த ஆண்டில்தான் அவள் அதிக வீடுகளுக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே நல்ல ஆண்டுகளின் உபரியில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, பொதுக்குழுவின் ஒப்புதல் இல்லாமல் அதைத் தொடக் கூடாது என்று தொடக்கத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும்.