ஐந்து மாத உழைப்பும் பன்னிரண்டு மாதச் செலவும்
வடக்கின் வனப் பூங்காக்களில் பருவகாலத் தொழில்கள்: ஒரு விளக்கம்

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையிலான மாதங்களில் எமது இளைஞர்கள் தேடுவது நிரந்தரத் தொழிலை அல்ல. கையில் நாலு காசு புழங்கக்கூடிய, புதிதாக ஏதேனும் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு குறுகிய காலத் தொழிலையே. அண்மைக் காலமாக இத்தகையோரின் பார்வை சுற்றுலாத்துறையின் பக்கம், குறிப்பாக வனப் பூங்காக்களின் பக்கம் திரும்பியுள்ளது. உடுப்பிட்டி போன்ற ஊர்களில் இதற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. அங்கு கனடாவில் உறவினர் இல்லாத வீடுகள் குறைவு. அங்குள்ள பிள்ளைகள் கோடை விடுமுறையில் பூங்காவிலும் முகாமிலும் வேலை செய்து சம்பாதிப்பதைத் தொலைபேசியில் கேட்கும் இங்குள்ள பிள்ளைகள், "எமக்கும் பக்கத்தில் சுண்டிக்குளம் இருக்கிறதே" என்று நினைப்பது இயல்பானதே. அவ்வாறான தொழில் இங்கு உண்டா, இருந்தால் அதில் இறங்குவது இலாபமா என்பதை இவ்வாரம் நோக்குவோம்.

கோடை வேறு, சீசன் வேறு

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது நாட்காட்டியை. உடுப்பிட்டியிலிருந்து பருத்தித்துறைப் பக்கமாகச் சென்று, நாகர்கோவில், மருதங்கேணி, கட்டைக்காடு எனக் கரையோரமாகத் தெற்கே இறங்கினால் சுண்டிக்குளம் வரும். 1938 ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இப்பிரதேசம், 2015 ஜூன் மாதத்தில் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. 11,149 ஹெக்டேயராக இருந்த அதன் பரப்பும் 19,565 ஹெக்டேயராக விரிந்தது. நெடுந்தீவும் மடு வீதிச் சரணாலயமும் அதே ஆண்டில்தான் தேசியப் பூங்காக்களாயின.

ஆனால் சுண்டிக்குளத்துக்கு ஆட்களை வரவழைப்பவை பூநாரை முதலான நீர்ப்பறவைகளும், வடக்கேயிருந்து வலசை வரும் பறவைகளும் ஆகும். அவை கூடும் காலம் ஒக்டோபர் தொடக்கம் மார்ச் வரையிலான வாடைக் காலமாகும். மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசி, களப்பு வற்றி, கரையில் உப்புப் பூத்திருக்கும் நாட்களில் அங்கு பார்வையாளரும் குறைவு, தொழிலும் குறைவு. மன்னாரில் 2008 இல் சரணாலயமாகி, 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலையின் கதையும் இதுவே. ஆகவே ஓகஸ்ட் விடுமுறையில் தொழில் தேடிச் சுண்டிக்குளம் செல்பவர் ஏமாற்றமடைவார்.

வரட்சிக் காலத்தில் களைகட்டுவது வேறொரு பூங்கா. அதுதான் வில்பத்து. தெற்கே கலா ஓயாவுக்கும் வடக்கே மோதரகம் ஆற்றுக்கும் இடைப்பட்டு, ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர் பரந்து கிடக்கும் இப்பூங்கா இலங்கையின் தேசியப் பூங்காக்களில் மிகப் பெரியதாகும். 'வில்லு' எனப்படும் இயற்கை நீர்நிலைகளே அதன் சிறப்பு. மழை ஓய்ந்து காட்டுக்குள் சிறு குட்டைகள் வற்றும்போது சிறுத்தை, கரடி, யானை, மான் யாவும் எஞ்சிய நீரை நாடி வரும். செடிகொடிகளும் ஐதாகிவிடுவதால் விலங்கைக் காண்பது இலகுவாகும். ஐரோப்பியரின் கோடை விடுமுறையும், புலம்பெயர்ந்த எம்மவர் ஊர் திரும்பும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களும் இதே காலத்தில் அமைவதால் வருவோர் தொகையும் கூடுகிறது.

வில்பத்துவுக்குள் நுழையப் பிரதான வாயில், புத்தளம் - அனுராதபுரம் வீதியிலிருந்து உட்செல்லும் ஹுனுவிலகமவில் உள்ளது. மற்றொரு வாயில் புத்தளத்துக்கு வடக்கே எலுவன்குளத்தில் அமைந்துள்ளது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் தஞ்சமடைந்தது இந்தப் புத்தளத்தில்தான் என்பதை வாசகர்கள் அறிவர். எனவே யாழ்ப்பாணத்து இளைஞருக்கு விடுதி தேடித் தங்கிச் செய்ய வேண்டிய தொழில், புத்தளத்து இளைஞருக்கு வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தொழிலாகிறது.

என்னென்ன தொழில்கள்?

பூங்காவைச் சுற்றிய தொழில்களை நான்காக வகுக்கலாம். முதலாவது, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழானவை. நிரந்தரப் பதவிகள் வர்த்தமானி அறிவித்தல் மூலமாகவே நிரப்பப்படுகின்றன. அவை தவிர, பார்வையாளருடன் ஜீப்பில் செல்லும் தொண்டர் வழிகாட்டிகளும் உள்ளனர். இரண்டாவது, தனியார் சபாரி ஜீப் ஓட்டுதல். மூன்றாவது, வாயிலைச் சூழவுள்ள விடுதிகளிலும் கூடார முகாம்களிலும் சமையல், பரிமாறல், அறை ஒழுங்கு, கணக்கு போன்ற வேலைகள். நான்காவது, இவற்றுக்கு மரக்கறி, மீன், தயிர், பழம், குடிநீர் வழங்குதல்.

முன் அனுபவமில்லாத மாணவருக்கு ஏற்றது மூன்றாவது வகையே. ஆங்கிலம் ஓரளவு பேசவும், சிங்களம் தாராளமாகப் பேசவும் தெரிந்திருத்தல் வேண்டும். வழிகாட்டியாக வர விரும்புவோர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திர முறையை அறிந்துகொள்ள வேண்டும். நாடு முழுவதற்குமான வழிகாட்டி அனுமதி கிடைக்கக் காலமெடுத்தாலும், ஒரு பிரதேசத்துக்கு அல்லது ஓர் இடத்துக்கு மட்டுமான அனுமதி என்ற படிநிலைகளும் உண்டு. சிறு முதலுள்ளவர்களுக்கு நான்காவது வகையே பாதுகாப்பானது. ஹலால் சமையலறை இருக்கிறதென்று நம்பிக்கையுடன் சொல்லக்கூடிய முகாம்களை எமது குடும்பங்கள் தேடுகின்றன என்பதையும் முயற்சியாளர்கள் கவனிக்கலாம்.

மாதச் சம்பளம் என்ற மயக்கம்

பருவகாலத் தொழிலில் பலரும் தவறும் இடம் கணக்கில்தான். உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கை எடுப்போம். ஓர் இளைஞருக்கு முகாமொன்றில் மாதம் 45,000 ரூபா சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் தொழில் ஐந்து மாதங்கள்தான். மொத்தம் 225,000 ரூபா. இதனைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்தால் மாதத்துக்கு 18,750 ரூபாவே வரும். பெற்றோருடன் இருக்கும் மாணவருக்கு இது நல்ல வருமானம். மனைவி மக்களுடன் வாடகை வீட்டில் இருப்பவருக்கோ, மீதி ஏழு மாதங்களுக்கும் வேறு தொழில் இருந்தால் மட்டுமே இது பொருந்தும்.

ஜீப் வாங்க நினைப்பவர் இன்னும் நிதானமாகக் கணக்குப் பார்க்க வேண்டும். லீசிங் தவணை மாதம் 60,000 ரூபா என்று கொள்வோம். வருடத்துக்கு 720,000 ரூபா. எரிபொருள், பராமரிப்பு போக ஒரு பயணத்தில் 6,000 ரூபா மிஞ்சுகிறதென்றால், தவணையை அடைக்க மட்டும் 120 பயணங்கள் வேண்டும். சீசன் ஐந்து மாதமென்றால் மாதத்துக்கு 24 பயணங்கள். இருபத்தைந்தாவது பயணத்திலிருந்துதான் சாரதியின் வீட்டுக்கு அரிசி வரும். லீசிங் நிறுவனத்தின் நாட்காட்டியில் சீசன் என்று ஒன்று இல்லை. அது பன்னிரண்டு மாதமும் தவணை கேட்கும்.

நல்ல சீசன் வருமென்ற உறுதியும் கிடையாது. போர்ச் சூழலால் 1988 முதல் 2003 வரை வில்பத்து மூடிக் கிடந்தது. மீண்டும் 2006 இல் மூடப்பட்டு 2010 இல் திறக்கப்பட்டது. 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களின் பின்னர் உல்லாசப் பயணிகள் வரவில்லை. 2020 இல் கொரோனா முடக்கம் வந்தது. 2022 இல் வாகனத்துக்கு எரிபொருளே கிடைக்கவில்லை. நான்கு வருட இடைவெளிக்குள் மூன்று அடிகள். கடனின்றித் தொழில் செய்தவர் இவற்றைத் தாங்கினார். வாகனத்தை லீசிங்கில் எடுத்தவர் தொழில் இல்லாமலேயே தவணை கட்ட வேண்டியதாயிற்று.

சட்டம் தரும் பாதுகாப்பு

"தற்காலிக ஆள்தானே, ஈ.பி.எப். எதற்கு?" என்று சொல்லும் முதலாளிகளை எங்கும் காணலாம். இது தவறு. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக, அமய ஊழியர்களையும் உள்ளடக்குகிறது. தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். மேற்சொன்ன 45,000 ரூபா சம்பளத்துக்கு இவை முறையே 5,400, 3,600, 1,350 ரூபாவாகும். மாதம் 10,350 ரூபா; ஐந்து மாதத்துக்கு 51,750 ரூபா. ஒரு மாதச் சம்பளத்தை விடக் கூடுதலான இத்தொகையை அறியாமையால் இழக்கலாமா?

குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் சட்டம் உண்டு. 2016 இல் மாதம் 10,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட தேசிய குறைந்தபட்ச வேதனம், 2025 இல் நிறைவேறிய திருத்தத்தின்படி அவ்வாண்டு ஏப்ரல் முதல் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. நாட்சம்பளம் 1,200 ரூபாவாகும். வெளிநாட்டவர் தரும் 'டிப்ஸ்' இதற்கு மேலதிகமானது. அதனைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க இடமில்லை. வேலையின்போது காயமடைந்தால் 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமை கோரலாம். யானை நடமாடும் இடத்தில் இரவு வேலை செய்பவர் இதனைத் தெரிந்திருப்பது அவசியம். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கமர்த்துவது 2021 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர் குற்றமாகும்.

கனடாவுடன் ஓர் ஒப்பீடு

கனடாவின் வட கோடியில் யூக்கொன் பிரதேசத்தில் வைட்ஹோர்ஸ் நகருக்கு அருகே ஒரு வனவிலங்குக் காப்பகம் உண்டு. வட துருவத்தை அண்டிய விலங்குகளைப் பார்க்க அங்கு கோடையில் கூட்டம் வரும். அந்நாட்டு மத்திய அரசு 'கனடா கோடைகால வேலைகள்' என்ற திட்டத்தின் கீழ் 15 முதல் 30 வயது வரையான இளைஞரை அமர்த்தும் தொழில்தருநருக்குச் சம்பள மானியம் வழங்குகிறது. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை முழுமையாகவும், சிறு தனியார் நிறுவனங்களுக்குப் பாதி வரையும் அரசே ஈடுசெய்கிறது. அதாவது அங்கு பருவகாலத்தின் ஆபத்தில் ஒரு பங்கை அரசு சுமக்கிறது. இங்கு அதனை முழுமையாகச் சுமப்பவர் தொழிலாளியே. தொலைபேசியில் கேட்கும் சம்பளத்தை ரூபாவாக மாற்றிப் பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

காடும் குடியிருப்பும்

வனப் பூங்கா என்றால் எமது மக்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது தொழில் அல்ல, எல்லைக் கல். வில்பத்துவின் வட எல்லைக்கு அப்பால் மறிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழிப் பகுதிகளில் நடந்த மீள்குடியேற்றம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, 2020 நவம்பரில் தீர்ப்பானது. சுண்டிக்குளத்திலும் கரைவலை இழுப்பவருக்கும் மாடு மேய்ப்பவருக்கும் எல்லை பற்றிய அச்சம் இல்லாமலில்லை. காட்டோரத்து மக்களுக்கு அந்தக் காட்டினால் வருமானமும் கிடைக்குமானால், அதனைக் காப்பதில் அவர்களே முன்னிற்பர். ஜீப்பும் முகாமும் வெளியூர் முதலாளிகளின் கையில் மட்டும் இருந்தால், காட்டோரத்தவருக்கு மிஞ்சுவது யானையின் தொல்லை மட்டுமே. பிரதேச செயலகங்களும் ஊர்ச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இளைஞருக்கு மொழியும் வழிகாட்டல் பயிற்சியும் கிடைக்க வழிசெய்வது இதனால்தான் முக்கியமாகிறது.

இறங்குமுன் கவனிக்க

வேலையை ஏற்குமுன் நியமனக் கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள். சம்பளம், காலம், தங்குமிடம், உணவு, லீவு யாவும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். திணைக்களத்தில் வேலை எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். அரச வேலை விலைக்கு வருவதில்லை. அனுமதியின்றிப் பூங்காவுக்குள் நுழைவது குற்றம் என்பதால், 'உள்ளே போய் ஒரு வேலை' என்று அழைப்பவரிடம் அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். முதல் சீசனில் கூலிக்கு வேலை செய்து தொழிலைப் பழகுங்கள். வாகனத்தைப் பற்றி அடுத்த வருடம் யோசிக்கலாம்.

வடமராட்சியின் மீனவர்கள் இதனை எமக்கு முன்பே அறிந்தவர்கள். வாடைக்கு ஒரு கரை, சோளகத்துக்கு ஒரு கரை என்று வாடி அமைத்து இடம்மாறி உழைத்தவர்கள் அவர்கள். வனப் பூங்காத் தொழிலும் அப்படித்தான். மேயிலிருந்து செப்டெம்பர் வரை வில்பத்து, ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை சுண்டிக்குளமோ வங்காலையோ என்று இரண்டு சீசனையும் இணைக்கத் தெரிந்தவருக்கு இது வருடம் முழுவதற்குமான தொழிலாக மாறலாம். ஒரு சீசனை மட்டும் நம்புபவர், அது முடியுமுன்னரே அடுத்த ஏழு மாதச் செலவை எடுத்து வைத்துவிட வேண்டும்.