கைபேசியின் மௌன விரதம்

உள்ளூரில் இருக்கும்வரை நம் கைபேசிக்கு வாய் ஓய்வதே இல்லை. பால்காரர் வருவதற்கு முன்பே கூவத் தொடங்கிவிடும். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் பாராமல் எல்லோருடைய செய்தியையும் கொண்டு வந்து கொட்டும். ஆனால், கடல் கடந்து அந்நிய தேசத்தில் நாம் வழி தெரியாமல் நிற்கும் சமயம் பார்த்து, அது மௌன விரதம் பூண்டுவிடுகிறது. இந்த விரதத்தின் காரணம் என்ன, அதைக் கலைக்கும் உபாயம் என்ன என்பதை நாம் சிறிது கஷ்டப்பட்டே கற்றுக்கொண்டோம். நேயர்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற கோடை விடுமுறையில் தாயாரை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரில் இருக்கும் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தோம். புறப்படுவதற்கு முன்பே நம் கைபேசிக்கு அயல்நாட்டு டேட்டா சேவையைப் பணம் கட்டி வாங்கியாகிவிட்டது. சிங்கப்பூரில் அது குறைவின்றி வேலை செய்தது. ஒரு நாள், மலேசியாவின் ஜோகூர் பாருவில் உள்ள ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோவிலைத் தரிசிக்க வேண்டுமென்று தாயார் ஆசைப்பட்டார். சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலம். 1924-ஆம் ஆண்டில் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது அது. தேசம் மாறுகிறது என்ற எண்ணமே தோன்றாமல் பஸ்ஸில் ஏறி அக்கரை போய்ச் சேர்ந்தோம்.

தரிசனம் முடிந்தது. தங்கையும் தாயாரும் புடவைக் கடைக்குப் புறப்பட்டார்கள். நமக்குப் புடவைக் கடையில் பொழுது போகாது. ஆகவே, கடைத்தெருவைச் சுற்றிப் பார்க்கத் தனியே கிளம்பினோம். “எங்கே சாப்பிடப் போகிறோம் என்று வாட்ஸப்பில் அனுப்புகிறேன், அண்ணா, அங்கே வந்துவிடு” என்றாள் தங்கை. அரை மணி நேரம் கழிந்த பிறகுதான், நம் தோளில் தொங்கிய பையின் ஞாபகம் வந்தது. தாயாரின் இன்ஸுலின் அதிலேதான் இருந்தது! ஊசி போட்டுக்கொள்ளாமல் அவர் பகல் ஆகாரம் சாப்பிடக்கூடாது. காலையில் ஊசி போட்டுக்கொண்டவர் ஆகாரத்தை நேரம் கடத்தவும் கூடாது. மணி ஒன்று.

கைபேசியை எடுத்துப் பார்த்தோம். மேலே கோடுகள் நிறைந்திருந்தன. ஆனால் செய்தி ஒன்றும் வரவில்லை. நாம் அனுப்பியதும் போகவில்லை.

பதற்றத்தில் செய்த வைத்தியம்

பதற்றம் வந்தவன் வைத்தியம் செய்தால் எப்படி இருக்கும்? அணைத்து மூட்டினோம். சிம் அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். அமைப்புகள் என்ற பகுதிக்குள் புகுந்து, கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் திருப்பினோம். கடைசியில், நெட்வொர்க் சம்பந்தமான எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொத்தானையும் அழுத்திவிட்டோம். அதன் பலனாகத் தங்கை வீட்டு வைஃபையின் கடவுச்சொல்கூட மறைந்துபோயிற்று. மௌன விரதம் மட்டும் கலையவில்லை.

டேட்டா இல்லாவிட்டால் என்ன, கூப்பிட்டே பேசியிருக்கலாமே என்று நேயர்கள் கேட்கலாம். நிமிஷத்துக்கு எத்தனை ரூபாய் பிடிப்பார்களோ என்ற பயம் சிறிது நேரம் தடுத்தது. பயத்தை விட்டு இரண்டு முறை கூப்பிட்டும் பார்த்தோம். மலாய் மொழியில் ஒரு பெண்மணியின் குரல் ஏதோ சொல்லிவிட்டு நின்றுவிட்டது. சரி, கைபேசியே செத்துவிட்டது என்று தீர்மானித்தோம். மணி ஒன்றரை ஆயிற்று.

வழியில் ஒரு பூக்கடை இருந்தது. தமிழ் முகத்தைக் கண்டதும் தைரியம் பிறந்தது. கடைக்காரருக்கு முப்பது வயதுதான் இருக்கும். நம் புலம்பலையெல்லாம் கேட்டுவிட்டு, சரம் தொடுத்த கையை நிறுத்தாமலே ஒரு கேள்வி கேட்டார்:

“சார், உங்களுக்கு இப்போ நெட்டு வேணுமா, தங்கச்சி வேணுமா?”

அந்தக் கேள்விக்கு முன்னால் நம் பட்டம் தலைகுனிந்தது. கைபேசியை வாங்கித் தங்கையின் எண்ணைப் பார்த்தார். சிங்கப்பூரில் பதிந்துகொண்ட எட்டு இலக்கங்கள் மட்டுமே இருந்தன. அதற்கு முன்னால் கூட்டல் குறியும் 65 என்ற தேசக் குறியீட்டு எண்ணும் சேர்த்து அழுத்தினார். மறு நிமிஷம் தங்கையின் குரல் கேட்டது. “எங்கே போய்விட்டாய், அண்ணா? அம்மா உனக்காகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்!”

அவர்கள் இருந்த இடம் மூன்று தெரு தள்ளி. ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தோம். தாயார் சிறிது சோர்ந்திருந்தாரே தவிர, அபாயம் ஒன்றும் நேரவில்லை. செலவான பணத்தைப் பின்னால் பார்த்தபோது, அதற்காக அரை மணி நேரம் தயங்கினோமே என்று வெட்கமாயிருந்தது.

நான்கு கதவுகள்

அன்றிரவு அமைதியாக உட்கார்ந்து விஷயத்தை ஆராய்ந்தோம். அயல்நாட்டில் டேட்டா நம் கைக்கு வருவதற்கு நான்கு கதவுகள் திறக்க வேண்டும். எந்தக் கதவு அடைத்திருக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றையும் இடித்ததுதான் நாம் செய்த பிழை.

முதற் கதவு, அந்நிய நாட்டுக் கோபுரம். ஒவ்வொரு சிம் அட்டைக்குள்ளும் பதினைந்து இலக்கம் வரையுள்ள ஓர் எண் உண்டு. இந்திய அட்டையில் அது 404 அல்லது 405 என்று தொடங்கும். சிங்கப்பூருக்கு 525, மலேசியாவுக்கு 502. நம் எண்ணைக் கண்டதும் அந்நியக் கம்பெனி இந்தியாவிலுள்ள நம் கம்பெனியை விசாரிக்கிறது. “இவர் உங்கள் ஆள்தானா? இவருக்கு இடம் கொடுக்கலாமா?” என்று கேட்பது போல. அட்டைக்குள் ஒளிந்திருக்கும் இரகசியச் சாவியைக் கொண்டு அடையாளமும் சரிபார்க்கப்படுகிறது. இவ்வளவும் சில விநாடிகளில் முடிந்துவிடும். நம் கம்பெனி ரோமிங் சேவையைத் திறந்து வைக்காவிட்டால் முதற் கதவிலேயே நிற்க வேண்டியதுதான். கோடே தோன்றாது, அல்லது அவசர அழைப்புக்கு மட்டும் என்ற வாசகம் தோன்றும்.

இரண்டாவது கதவு நம் கைக்குள்ளேயே இருக்கிறது. கைபேசியில் டேட்டா ரோமிங் என்று ஒரு பொத்தான் உண்டு. தெரியாமல் பணம் செலவாகிவிடக் கூடாது என்பதற்காக அது சாதாரணமாக அணைந்தே இருக்கும். இரண்டு சிம் உள்ளவர்கள் எந்த சிம்முக்கு டேட்டா என்பதையும் கவனிக்க வேண்டும். புதிய சிம்மை வாங்கிப் போட்டுவிட்டு, பழைய சிம்மிலேயே டேட்டாவை விட்டுவைத்துத் தவிப்பவர்கள் அநேகர்.

மூன்றாவது கதவு, நாம் கட்டிய பணத்துக்குரிய எல்லை. நம்மை மறித்தது இதுதான். நாம் வாங்கியது சிங்கப்பூருக்கு மட்டும் செல்லும் சேவை. அதன் தேச ஜாபிதாவில் மலேசியா இல்லை. ஆகையால் கோபுரம் நம்மை ஏற்றுக்கொண்டது; கோடுகள் நிறைந்தன; டேட்டா மட்டும் மறுக்கப்பட்டது. கோடுகள் காட்டுவது கோபுரத்தின் பலத்தையே அல்லாமல், டேட்டா கிடைக்கும் என்ற வாக்குறுதியை அல்ல.

நான்காவது கதவுக்கு ஏ.பி.என். என்று பெயர். டேட்டா எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்பதைக் குறிக்கும் சொல் அது. வழக்கமான சிம்மில் தானாகவே அமைந்துவிடும். பிரயாணிகளுக்கென்று விற்கும் சிம்மிலோ இ-சிம்மிலோ சில சமயம் நாமே எழுத வேண்டியிருக்கும். ஓர் எழுத்துப் பிசகினாலும் கதவு திறக்காது.

நான்கும் திறந்தும் வேகம் குறைவாயிருந்தால் கைபேசியை வையாதீர்கள். ரோமிங்கில் செல்லும் டேட்டா பெரும்பாலும் சொந்த நாட்டுக் கம்பெனி வரையில் போய்த் திரும்பி வருகிறது. ஜோகூரில் நின்றுகொண்டு அடுத்த தெருவின் வரைபடத்தைக் கேட்டாலும், கேள்வி இந்தியா போய்த்தான் வரும்!

விரதம் கலைக்கும் முறை

ஆகவே, சோதனையை வரிசையாகச் செய்க. முதலில் விமானப் பொத்தானை அழுத்தி, அரை நிமிஷம் பொறுத்து எடுத்துவிட்டால், கைபேசி புதிதாகக் கோபுரத்தைத் தேடும். பலனில்லையெனில் அணைத்து மூட்டுக. அடுத்து டேட்டா ரோமிங் பொத்தான், பிறகு சேவையின் தேச ஜாபிதாவும் மிச்ச அளவும், அதன் பின் ஏ.பி.என். மற்றவை சரியாயிருந்து ஒரு செயலி மட்டும் வேலை செய்யாவிட்டால், டேட்டாச் சிக்கனம், வி.பி.என். ஆகியவற்றை அணைத்துப் பார்க்க. எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானைக் கடைசியாகவே தொடுக. இ-சிம்மை மட்டும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். பல கம்பெனிகளில் ஒரு முறை அழித்தால் அதே குறியைக் கொண்டு மறுபடியும் ஏற்ற முடியாது.

எல்லைப்புறத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் கரையில் நிற்கும்போதே அக்கரை மலேசியக் கோபுரம் கைபேசியைக் கவர்ந்துவிடும். திரும்பி வந்த பிறகும் அதையே பற்றிக்கொண்டிருக்கும். அப்பொழுது, நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் பொத்தானை நிறுத்தி, வேண்டிய கம்பெனியின் பெயரை நாமே தொட வேண்டும். அந்த இடத்தை விட்டு அகன்றதும் பழையபடி தானியங்கியாக மாற்றிவிட மறக்கக்கூடாது.

பழைய கைபேசிக்கு வேறு ஒரு சங்கடம். சிங்கப்பூரில் இரண்டாம் தலைமுறைச் சேவை 2017-லேயே மூடப்பட்டது. மலேசியா 2021 முடிவில் மூன்றாம் தலைமுறையை நிறுத்திற்று. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளும் 2022-ல் அவ்விதமே செய்தன. நான்காம் தலைமுறையில் பேசும் வசதி இல்லாத கருவியை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நலம்.

வீட்டை விட்டுக் கிளம்புமுன் செய்ய வேண்டியவையும் சில உண்டு. இ-சிம்மை வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிடுக. அதை ஏற்றுவதற்கே இணையம் வேண்டும் என்பதைப் பலர் விமான நிலையத்தில்தான் உணர்கிறார்கள். போகும் ஊரின் வரைபடத்தைக் கைபேசிக்குள் இறக்கி வைத்துக்கொள்க. பாங்கியின் ரகசிய எண்கள் வருவதற்காக இந்திய சிம்மையும் உயிரோடு வைத்திருந்து, அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுக. எல்லா எண்களையும் கூட்டல் குறியோடும் தேசக் குறியீட்டோடும் பதிந்துகொள்க. அப்படிப் பதிந்த எண் எந்த நாட்டிலிருந்தும் வேலை செய்யும்.

இத்தனையும் தாயாருக்கு அன்றிரவே விளக்கிச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு சுருக்குப் பையை அவிழ்த்து, நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். தங்கையின் விலாசமும், கூட்டல் குறியோடு 65-ல் தொடங்கும் எண்ணும் அதில் தெளிவாக எழுதியிருந்தன. ஊரிலிருந்து புறப்படும் அன்று அடுத்த வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டாராம்.

“உனக்கும் ஒன்று எழுதித் தரச் சொல்லியிருப்பேன். நீ படித்தவனாயிற்றே என்று விட்டுவிட்டேன்” என்றார் தாயார்.