வெயிலும் ஒரு பேரிடரே

வெள்ளத்தில் வீடு இடிந்தால் ஊரார் அனைவரும் காண்பர். புயலில் வாழை சாய்ந்தால் கணக்கெடுக்க அதிகாரிகள் வருவர். கோடை வெப்பத்தால் ஒருவர் மாண்டாலோ, மாரடைப்பென்றோ காய்ச்சலென்றோ பதிவாகிவிடுகிறது. கணக்கில் ஏறாத துன்பத்துக்குப் பரிகாரம் தேடுவார் எவருமிலர். இவ்வுண்மையை நாட்டுக்கு உணர்த்திய நகரம், பஞ்சாலைகளுக்குப் பெயர் பெற்ற அகமதாபாத் ஆகும்.

2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நகரில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸை எட்டியது. பின்னர் பொதுச் சுகாதார அறிஞர்கள் அம்மாதத்து மரணங்களை 2009, 2011 ஆகிய ஆண்டுகளின் மே மாதங்களோடு ஒப்பிட்டு நோக்கினர். 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தமை அப்போதுதான் புலனாயிற்று. ஒரு மருத்துவமனையில், மேல்மாடியிலிருந்த பிரசவப் பகுதியைக் கீழே மாற்றிய பின்னர், வெப்பத்தால் நோயுற்ற பச்சிளங் குழந்தைகளின் தொகை குறைந்ததையும் ஆராய்ச்சியாளர் கண்டனர்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. காந்திநகரிலுள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்தாரின் துணையுடன், 2013இல் அகமதாபாத் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. வானிலை முன்னறிவிப்பைக் கொண்டு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன. 45 டிகிரியை எட்டினால் சிவப்பு. எச்சரிக்கை வந்ததும் குடிநீர் வழங்குவது யார், மருத்துவமனைகளை ஆயத்தப்படுத்துவது யார், மக்களுக்கு அறிவிப்பது யார் என்பன முன்னரே வரையறுக்கப்பட்டன. யோசனையைக் கடமையாக மாற்றியதே இத்திட்டத்தின் சிறப்பு. ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என 2018இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. பிற நகரங்களும் மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

எனினும், அறிவியல் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. நண்பகலில் வேலையை நிறுத்துக என்று நிபுணர் கூறலாம். தறி நின்றால் கூலியும் நிற்குமே! களையெடுக்கும் பெண் வரப்பில் அமர்ந்தால் அன்றைய கூலி குறையுமே! அந்த இழப்பை ஏற்பவர் யார் என்பதை வெப்பமானி சொல்லாது. மனிதர் கூடியே முடிவு செய்தல் வேண்டும். அவ்வாறு கூடி முடிவு செய்வதற்கன்றோ கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது?

தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிடுவோர் விடியற்காலையை நாடுவது நமது பழைய வழக்கம். ஆகவே, பொழுதறிந்து தொழில் செய்தல் நமக்குப் புதிதன்று. கோடை மாதங்களில் வேலை நேரத்தைக் காலையும் மாலையுமாகப் பிரித்தமைக்கலாம். தறிக்கூடத்துக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். பானை நீரும் உப்பு சர்க்கரைக் கரைசலும் கைக்கெட்டும் இடத்தில் வைக்கலாம். மயங்கி விழுந்தவர் பெயரையும் நாளையும் நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். நாளை அரசிடம் உதவி கோருங்கால் அக்குறிப்பேடே நமக்குச் சான்றாகும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். அடுத்த கோடை வருமுன், ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் இதனை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ளுமாக.