இயங்குதள மேம்படுத்தலில் உரிமச் சிக்கல்கள்

கணினியின் இயங்குதளத்தைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாற்றும்போது, புதிய பதிப்பு முழுமையாக நிறுவப்பட்ட பின்னரும் அதைப் பயன்படுத்தும் உரிமம் உறுதியாகாமல் போவதுண்டு. விண்டோஸ் கணினியில் இந்நிலை ஏற்பட்டால் திரையின் வலது கீழ் மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்ற வாசகம் தோன்றும். பின்னணிப் படம், நிறம் போன்றவற்றை மாற்றும் வசதி முடக்கப்படும். கோப்புகள் அழிவதில்லை, பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களும் பொதுவாகத் தொடர்ந்து கிடைக்கும். எனவே இவ்வாசகத்தைக் கண்டவுடன் வன்தட்டை அழித்து மீண்டும் நிறுவுவதோ, பணம் கொடுத்து வேறு விசை வாங்குவதோ தேவையில்லை. உரிமம் எதனுடன் பிணைக்கப்பட்டுள்ளது என்பதை அறிந்தால் பெரும்பாலான சிக்கல்களைச் செலவின்றித் தீர்க்கலாம்.

உரிமத்தின் தன்மை

இயங்குதளத்தின் படி வேறு, உரிமம் வேறு. நிறுவல் கோப்பை எவரும் மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இலவசமாகத் தரவிறக்கலாம். அதைப் பயன்படுத்தும் அனுமதியே உரிமம் ஆகும். விண்டோஸ் உரிமம் மூன்று செய்திகளைச் சார்ந்தது.

1. இயந்திரம்: உரிமம் எந்தக் கணினிக்கு வழங்கப்பட்டது என்பது. இதில் தாய்ப்பலகையே முதன்மையானது. வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்துவதாலோ ரேம் கூட்டுவதாலோ உரிமம் பொதுவாக இழக்கப்படுவதில்லை.

2. வகை: ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், புரோ என்பன தனித்தனி வகைகள். ஹோம் உரிமம் உள்ள கணினியில் புரோ நிறுவினால் அது உறுதியாகாது. 32 பிட், 64 பிட் வேறுபாடு உரிமத்தைப் பாதிக்காது.

3. வழி: கணினியுடன் சேர்த்து உற்பத்தியாளர் தருவது ஓஇஎம் உரிமம், இது அக்கணினியை விட்டு வேறொன்றுக்கு மாறாது. கடையில் தனியாக வாங்குவது சில்லறை உரிமம். இதனைப் பழைய கணினியிலிருந்து நீக்கிப் புதியதற்கு மாற்றலாம். நிறுவனங்கள் பல கணினிகளுக்குச் சேர்த்துப் பெறுவது தொகுதி உரிமம்.

விண்டோஸ் 7 காலத்தில் ஓஇஎம் விசை மடிக்கணினியின் அடிப்புறத்தில் ஒட்டுத்தாளாக இருந்தது. விண்டோஸ் 8 முதல் விசை தாய்ப்பலகையின் பயாஸ் நினைவகத்திலேயே பதிக்கப்படுகிறது. விண்டோஸ் 10 உடன் எண்முறை உரிமம் வந்தது. இதில் கணினியின் வன்பொருள் அடையாளம் மைக்ரோசாப்ட் வழங்கியில் பதிவாகும். ஒருமுறை பதிவான கணினியில் அதே வகையை எத்தனை முறை மீண்டும் நிறுவினாலும், இணைய இணைப்பு கிடைத்ததும் உரிமம் தானாக உறுதியாகிவிடும்.

தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினிகள்

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இச்சிக்கல் மிகவும் நெருக்கமானது. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோசும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இரட்டைத் துவக்க முறையில் இருந்தன. சேலம் மாநகராட்சியின் அம்மாபேட்டை மண்டலம் போன்று நெசவுத் தொழிலாளர்கள் மிகுந்த பகுதிகளில், பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி இதுவே. அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினி தம்பியின் கல்லூரிப் படிப்புக்கும் பயன்படுவது இயல்பு. இதற்கிடையே ஒட்டுத்தாளின் எழுத்துகள் தேய்ந்துபோகின்றன. பழுது பார்த்தவர் எந்த வகையை நிறுவினார் என்பதும் மறந்துபோகிறது.

இக்கணினிகளின் உரிம நிலையை இரு நாள்கள் தீர்மானிக்கின்றன. விண்டோஸ் 10, 2015 சூலை 29 அன்று வெளியானது. முறையான விண்டோஸ் 7, 8.1 கணினிகளுக்கு ஓராண்டு இலவச மேம்படுத்தல் அறிவிக்கப்பட்டது. அக்கெடு முடிந்த பின்னரும் பழைய விசைகள் நெடுநாள் ஏற்கப்பட்டு வந்தன. 2023 செப்டம்பரில் அவ்வழி மூடப்பட்டதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. இதனால் ஒரே ஆண்டில், ஒரே தொகுப்பில் வழங்கப்பட்ட இரு மடிக்கணினிகள் இன்று இருவேறு நிலையில் இருக்கலாம். முன்பே ஒருமுறை முறையாக விண்டோஸ் 10க்கு மாறியதற்கு எண்முறை உரிமம் உண்டு. அதில் விண்டோஸ் 10ஐ எப்போது வேண்டுமானாலும் மீண்டும் நிறுவலாம். விண்டோஸ் 7இலேயே நின்றுவிட்டதற்கு இலவச வழி இல்லை.

மேம்படுத்தும் முன் செய்ய வேண்டியவை

- தற்போதைய இயங்குதளம் உறுதியாகியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேசன் என்ற வரிசையிலும், விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேசன் என்ற வரிசையிலும் இது காட்டப்படும்.
- அதே பக்கத்தில் உள்ள வகையின் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
- மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து உரிமத்தை அக்கணக்குடன் இணைக்க வேண்டும். 2016 ஆகத்து மாத இற்றைப்படுத்தலில் வந்த இவ்வசதி, தாய்ப்பலகை மாற்றத்தின்போது உதவும்.
- விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் தோன்றும் பெட்டியில், எஸ்எல்எம்ஜிஆர் என்னும் கட்டளையை எக்ஸ்பிஆர் என்ற தெரிவுடன் ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளியும் சாய்கோடும் வேண்டும். உரிமம் நிலையானதா, குறிப்பிட்ட நாளில் முடிவதா என்பதை இது காட்டும். டிஎல்வி என்ற தெரிவு உரிமத்தின் வழியைக் காட்டும்.
- பாடக் குறிப்புகள், செயல்திட்டக் கோப்புகள், சான்றிதழ்களின் நகல்கள் ஆகியவற்றை வெளி வன்தட்டிலோ பென் டிரைவிலோ படியெடுக்க வேண்டும்.

பொதுவான சிக்கல்களும் தீர்வுகளும்

பிழை எண் நீளமாக இருந்தாலும் அதன் கடைசி எழுத்துகளே காரணத்தைச் சுட்டும்.

நாளும் நேரமும் தவறாக இருத்தல் (2எஃப்8எஃப் என முடிவது): பழைய மடிக்கணினிகளில் தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்து, ஒவ்வொரு முறையும் நாள் பின்னோக்கிப் போய்விடும். நாள் தவறினால் வழங்கியுடன் பாதுகாப்பான இணைப்பு அமையாது. நாளைத் திருத்தி மீண்டும் முயன்றால் போதும். பின்னர் அம்மின்கலத்தை மாற்ற வேண்டும்.

வன்பொருள் மாற்றம் (எஃப்211): தாய்ப்பலகை மாறியதால் இயந்திரம் புதியதாகக் கருதப்படுகிறது. ஆக்டிவேசன் பக்கத்தில் டிரபுள்சூட் என்பதைத் தேர்ந்து, அண்மையில் வன்பொருளை மாற்றியதாகக் குறிப்பிட்டு, உரிமம் இணைக்கப்பட்ட கணக்கில் நுழைய வேண்டும். பழுதடைந்த பலகைக்கு மாற்றாக உற்பத்தியாளரே புதிய பலகை பொருத்தியிருந்தால் ஓஇஎம் உரிமம் தொடரும். அவர்களிடமே உதவி கோரலாம்.

வகை மாறி நிறுவியிருத்தல்: ஹோம் உரிமக் கணினியில் புரோ நிறுவப்பட்டிருப்பதே பழுது பார்த்த கணினிகளில் பரவலாகக் காணப்படும் நிலை. விசை வாங்கத் தேவையில்லை. கோப்புகளைப் படியெடுத்துவிட்டு, மைக்ரோசாப்ட் தளத்தின் நிறுவல் ஊடகம் கொண்டு உரிய வகையை நிறுவினால் உரிமம் தானாக உறுதியாகும். விசை கேட்கும் இடத்தில் "விசை இல்லை" என்பதைத் தேர்ந்து தொடரலாம்.

விசை ஏற்கப்படாமை (எஃப்050, சி003, சி008): முதலாவது, விசை தவறானது அல்லது வேறு வகைக்குரியது என்பதைக் குறிக்கும். இரண்டாவது, விசை தடுக்கப்பட்டது என்பதையும், மூன்றாவது, அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் பயன்படுத்தப்பட்டது என்பதையும் குறிக்கும். இணையத்தில் மிக மலிவாக விற்கப்படும் விசைகளில் கடைசி இரு பிழைகளும் எழக்கூடும். அவற்றில் சில நிறுவனங்களின் தொகுதி உரிமத்திலிருந்து கசிந்தவை. இன்று ஏற்கப்பட்டாலும் பின்னர் முடக்கப்படலாம்.

நிறுவன வழங்கியை அடைய முடியாமை (எஃப்074): நிறுவனம் ஒன்று பயன்படுத்தி விற்ற கணினியில் தொகுதி உரிமம் எஞ்சியிருக்கலாம். இதன் ஒரு முறையில் கணினி 180 நாள்களுக்குள் அந்நிறுவனத்தின் வழங்கியுடன் தொடர்புகொண்டு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். விற்கப்பட்ட பின் அது இயலாது. வாங்கும்போது சரியாக இருந்த கணினி ஆறு மாதத்தில் உரிமம் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய கணினி வாங்குவோர் பணம் கொடுக்கும் முன்பே எக்ஸ்பிஆர் சோதனையைச் செய்வது நல்லது.

உரிமச் சிக்கல் அல்லாதவை

2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், ஏற்கப்பட்ட செயலி ஆகியன தேவை. இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையுமே ஏற்கப்படும். பழைய மடிக்கணினி மறுக்கப்படுவது வன்பொருள் காரணமாகவே. எனவே புதிய விசை வாங்கினாலும் மறுப்பு நீங்காது. தகுதியுள்ள விண்டோஸ் 10 கணினிக்கோ விண்டோஸ் 11 இலவசம். தனி விசை தேவையில்லை.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தனிப் பயனர்களுக்கான நீட்டித்த பாதுகாப்பு இற்றைப்படுத்தல் திட்டத்தில் மேலும் ஓராண்டு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை என அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கில் காப்பெடுப்போர் கட்டணமின்றி இதில் சேரும் வழி தரப்பட்டது.

சட்டமும் பாதுகாப்பும்

உரிமச் சோதனையை ஏமாற்றும் "கிராக்" நிரல்கள் நிர்வாகி அனுமதி பெற்று இயங்குபவை. அவற்றை இயக்க வைரசு எதிர்ப்பு நிரலை நிறுத்தச் சொல்வது வழக்கம். கடவுச்சொற்களும் வங்கி விவரங்களும் திருடப்பட இதுவே வாயிலாகலாம். மேலும், 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி, மீறல் படி என அறிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவது குற்றமாகும். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். வணிக ஆதாயமின்றிப் பயன்படுத்தியிருந்தால் சிறைத் தண்டனையைத் தவிர்த்து 50,000 ரூபாய்க்கு மிகாத தண்டம் விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு.

உரிம விசை தேவைப்படாத மாற்று

டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்சு 2007 முதல் வெளிவருகிறது. உபுண்டு, லினக்சு மின்ட் போன்றவையும் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. இவற்றில் பதிப்பு மேம்படுத்தலுக்கு விசையோ உறுதிப்படுத்தலோ இல்லை. தமிழ்த் தட்டச்சு, லிப்ரெஓபிஸ், உலாவி, நிரலாக்கக் கருவிகள் அனைத்தும் கிடைப்பதால் பெரும்பாலான படிப்புத் தேவைகளுக்கு இவை போதுமானவை. குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளைப் பாடத்திட்டம் கோரினால் மட்டும் தடை ஏற்படும். விண்டோஸ் 11ஐ ஏற்காத, விண்டோஸ் 10 உரிமமும் பெறாத பழைய விலையில்லா மடிக்கணினியைச் சட்டத்துக்கு உட்பட்டும் பாதுகாப்பாகவும் தொடர்ந்து பயன்படுத்த இதுவே செலவற்ற வழியாகும்.