ஹேங் ஆன்

நான் பிளஸ் டூ எழுதியபோது ஆங்கிலத்துக்கு இரண்டு தாள், மொத்தம் 200 மார்க். 171 வாங்கினேன். எங்கள் பள்ளியில் அந்த வருஷம் அதுதான் முதல் மார்க். அஞ்சல்வழியில் பி.ஏ.வுக்குப் பணம் கட்டிவிட்டு, சென்னையில் தோல் பொருள் ஏற்றுமதி செய்கிற ஒரு சின்ன ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். இரண்டாம் நாள் முதலாளி வெளியே போயிருந்தார். மும்பையிலிருந்து போன். அந்தப் பக்கம் பேசியவருக்கு ஏதோ பேப்பரைத் தேட வேண்டியிருந்தது போலிருக்கிறது. “ஹேங் ஆன்” என்றார். ஹேங் என்றால் மாட்டு, தொங்கவிடு. போனை மாட்டச் சொல்கிறார் என்று மரியாதையாக மாட்டிவிட்டேன். மறுபடி மணி அடித்தது. மறுபடி “ஹேங் ஆன்”. மறுபடி மாட்டினேன். ‘கொஞ்சம் லைனிலேயே இருங்கள்’ என்று அதற்கு அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் தடவை அவர் சொன்னதும் ஆங்கிலம்தான். அது மட்டும் ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

அந்த 171 எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். மெமரி பொயம் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். பாரகிராஃபுக்கு நோட்ஸ் இருந்தது. ஐந்து படித்தால் ஒன்று நிச்சயம் வரும். ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்றுவது ஒரு கணக்கு, விடை தப்பாது. கடிதம் என்றால் லீவ் லெட்டர். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவரையும் நடுராத்திரி எழுப்பிக் கேளுங்கள், ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று ஒப்பிப்பார்கள். மூன்று தலைமுறையாக இந்த மாநிலத்தின் மாணவர்களுக்குக் காய்ச்சலைத் தவிர வேறு வியாதியே வந்ததில்லை. வயிற்றுவலிக்கு ஆங்கிலம் தெரியாததால் வயிற்றுவலிக்காரனும் காய்ச்சல்காரனாகவே லீவு எடுத்தான்.

2018-19 முதல் பிளஸ் டூவில் இரண்டு தாளை ஒன்றாக்கிவிட்டார்கள். பாடப்புத்தகமும் மாறியது, முன்பைவிட நன்றாகவே இருக்கிறது. மாறாதது ஒன்று உண்டு. பரீட்சையில் ஆங்கிலம் ஒரு பக்கமாகத்தான் போகும், நம்மிடமிருந்து திருத்துகிறவருக்கு. அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்பதில்லை. விடைத்தாளில் காதுக்கு வேலை கிடையாது. வெளியே வந்தால் முதலில் அடிபடுவது காதுதான். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் மாத்திரையைக் கொடுத்துவிடுகிறோம். ஆங்கிலம் ஒரு அசையை அழுத்திவிட்டு மற்றதை விழுங்கிவிடும். ‘வெஜிடபிள்’ என்று நூறு தடவை எழுதிய பிள்ளைக்கு, யாராவது ‘வெஜ்டபிள்’ என்று சட்டென்று சொல்லிவிட்டுப் போனால் அது காய்கறி என்று உறைப்பதில்லை. அப்புறம் இந்த ஒட்டுச் சொற்கள் இருக்கின்றனவே! ‘புட்’ என்றால் வை, மூன்றாம் வகுப்பிலேயே தெரியும். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு, ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள். தனித்தனியே எல்லா வார்த்தையும் தெரியும், சேர்ந்து வந்தால் ஒன்றும் தெரியாது. நம் ‘பார்த்துக்கொள்’, ‘போட்டுக்கொடு’ இரண்டையும் ஒரு வெள்ளைக்காரருக்கு விளக்க உட்கார்ந்தால் அவர் படுகிற பாடும் இதே பாடுதான்.

இப்போது நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். காவிரிக் கரையில் அரசு ஆடவர் கலைக் கல்லூரியைக் கடக்கும்போதெல்லாம் பரீட்சையும் ஆங்கிலமும் பற்றி ஒரு நினைப்பு வரும். ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று பெயர் வாங்கிய கல்லூரி. 1904இல் உதவித்தொகையோடு அங்கே எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்தைய படிப்பு) சேர்ந்த ஒரு பையன், கணக்கிலேயே மூழ்கிக் கிடந்து ஆங்கிலத்தில் கோட்டை விட்டான். மேல்வகுப்புக்குப் போகவில்லை, உதவித்தொகையும் போயிற்று. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. அந்த ராமானுஜன் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு அவரிடமிருந்து ஒரு கடிதம் போகிறது. அது ஆங்கிலத்தில்.

கதையை இந்த இடத்தில் நிறுத்தி, ‘பார்த்தீர்களா, பெயிலான பையன் ஆங்கிலத்தில் எழுதி உலகை வென்றான்’ என்று கைதட்டிவிடலாம். விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. அந்தக் கடிதங்களின் ஆங்கிலம் முழுக்க ராமானுஜனுடையதாக இருக்காது என்பது பின்னாளில் ஹார்டியே எழுதிவைத்த அபிப்பிராயம். அன்றைக்கு ராமானுஜனுக்கு இருந்த ஆங்கில ஞானம் அதற்குப் போதாது, கணிதம் மட்டும் அவருடையது, வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது என்பது ஹார்டியின் கருத்து. துறைமுகத்தில் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்று ராமானுஜனுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தார்கள். கடிதத்தில் வயது சுமார் 23 என்று இருக்கிறது. அப்போது அவருக்கு 25. இத்தனை பெரிய மேதைக்கும் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் நாலு வரிக்கு இன்னொருவர் தேவைப்பட்டிருக்கிறார். ஆள் கிடைத்தது அவர் அதிர்ஷ்டம். கிடைக்காமல் போன ராமானுஜன்களுக்கு வாழ்க்கை வரலாறு கிடையாது.

அதே கல்லூரியில் படித்த இன்னொருவர், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வலங்கைமானில் 1869இல் பிறந்த ஸ்ரீநிவாச சாஸ்திரி. ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராகி, பின்னால் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்க ‘வெள்ளிநாக்கு’ என்று பெயர் எடுத்தவர். காந்தியின் சுயசரிதையை மகாதேவ தேசாய் குஜராத்தியிலிருந்து ஆங்கிலமாக்கினார் அல்லவா, அதன் திருத்திய பதிப்புக்கு வரிவரியாகப் பார்த்து மொழியைச் செப்பனிட்டவர் சாஸ்திரிதான். தன் பெயர் வெளியே வரக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. தேசாயும் பெயரைச் சொல்லாமல்தான் முன்னுரையில் நன்றி சொன்னார். அரசியலில் காந்தியின் ஒத்துழையாமையைச் சாஸ்திரி ஒப்புக்கொண்டதே இல்லை. ஆனாலும் அந்தப் புத்தகத்தின் வாக்கியங்களுக்கு இஸ்திரி போட்டது அவர் கை. பரீட்சை முடிந்து நாற்பது, ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் ஒரு மனிதர் அந்த மொழியோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் எனக்கு இதில் முக்கியம்.

மூன்றாமவரையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. 1880 முதல் 1903 வரை இதே கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த உ.வே. சாமிநாதையர் ஆங்கிலம் படித்தவர் அல்ல. ஆங்கிலம் தெரிந்தால்தான் அறிவாளி என்பவர்களை அவருடைய பதிப்புகள் இருக்கிற அலமாரிக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நிற்கச் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், ஆங்கிலம் படித்தவர், ‘சீவக சிந்தாமணி படித்திருக்கிறீரா?’ என்று கேட்டதுதான் ஐயரைப் பழைய நூல்கள் பக்கம் திருப்பியது. சிந்தாமணி 1887இல் அச்சில் வந்தது. ஆக, ஆங்கிலம் மூளையை வளர்க்கும் என்று நான் சொல்லவில்லை. அது வேறொரு காரியம் செய்கிறது. நடுவில் நிற்கிற ஆளை நகர்த்துகிறது.

நடுவில் ஆள் நிற்பது நமக்குப் புதிது இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அந்த ஆளுக்குத் துபாஷி என்று பெயர். இரண்டு மொழி தெரிந்தவன், அதனால் இரண்டு பக்கமும் கமிஷன் அடிப்பவன். இன்றைக்கு அவன் ஏஜென்ட். எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போகாத தெரு இல்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் ‘ஈ.சி.ஆர்.’ வகை. வேலைக்காக வளைகுடா போன்ற சில நாடுகளுக்குப் போக வேண்டுமானால் அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். ஒப்பந்தத்தை அதிகாரி பார்ப்பார். பத்து பாஸ் என்றால் அந்தச் சோதனை இல்லை. அதாவது, பரீட்சையில் தேறியவன் தன் காகிதத்தைத் தானே படித்துக்கொள்வான் என்பது கணக்கு. ஆங்கிலத்தில் 35 வாங்கித் தேறிய பையன் நாலு பக்க ஒப்பந்தத்தில் ‘புரொபேஷன்’ எத்தனை மாதம், ஓவர்டைமுக்குக் காசு உண்டா, திரும்பி வர டிக்கெட் யார் எடுப்பது என்று தேடிக் கண்டுபிடிப்பானா? அவன் கையெழுத்துப் போடுகிற இடத்தைத்தான் தேடுகிறான். ஏஜென்ட் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார்.

மாமல்லபுரத்தில் கல் பொம்மை விற்கிற பையன்களைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவர்கள்கூட வெளிநாட்டுக்காரரிடம் சளைக்காமல் விலை பேசுகிறார்கள். பேச்சு ஆங்கிலம் வேண்டுகிற இடத்தில் அது முளைத்துவிடுகிறது. கூச்சம் ஒன்றுதான் களை. காகிதத்தில் இருக்கிற ஆங்கிலம் அப்படித் தானாக முளைக்காது. வீட்டுக் கடன் பத்திரம், இன்ஷூரன்ஸ் பாலிசியின் கடைசிப் பக்கங்கள், மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கிற தாள், எல்லாம் அந்த ஜாதி. உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனால், அரசியலமைப்பின் 348ஆவது பிரிவின்படி அங்கே நடைமுறை மொழி ஆங்கிலம். தமிழையும் அனுமதிக்கக் கேட்டுச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் போட்டது, கேட்டது கிடைக்கவில்லை. தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பைத் தானே படிக்க முடியாமல், வக்கீல் குமாஸ்தாவின் முகத்தைப் பார்த்து ஜெயித்தோமா தோற்றோமா என்று ஊகிக்கிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நீதிமன்றத்தில் தமிழ் வரவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. வருகிற வரைக்கும் அந்தப் பெரியவரின் பேத்தியாவது அதைப் படித்துச் சொல்ல வேண்டுமே என்பதுதான் என் கவலை.

‘ஹேங் ஆன்’ சம்பவத்துக்குப் பிறகு முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பழைய கடித ஃபைல்களைக் கொடுத்து, டைப் அடித்துப் பழகு என்றார். ஆறு மாதம் அடித்தேன். வாங்குகிறவன் எப்படிக் கோபிப்பான், விற்கிறவன் எப்படிச் சமாளிப்பான், வராத பணத்தை நாலு விதமாக எப்படிக் கேட்பது எல்லாம் அதில் இருந்தது. சாயங்காலம் ரேடியோவில் கிரிக்கெட் காமென்ட்ரி. ஆட்டம் தெரியும் என்பதால் சொல்வது பாதி ஊகத்தில் புரியும், மீதிப் பாதி நாளாக நாளாக ஒட்டிக்கொண்டது. கபில்தேவ் விளம்பரத்துக்கு வந்த, ஆங்கிலம் கற்றுத்தரும் ரேபிடெக்ஸ் புத்தகமும் வாங்கினேன், பொய் சொல்வானேன். 60 நாளில் வரும் என்று போட்டிருந்தது. எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. கடைசியாக வந்தது இலக்கணம் அல்ல. ‘நீங்கள் சொன்னது புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்’ என்று கூசாமல் ஆங்கிலத்தில் கேட்பது. எந்தப் பரீட்சையிலும் இதற்கு மார்க் இல்லை. அன்று அந்த ஒரு வாக்கியம் என்னிடம் இருந்திருந்தால் மும்பைக்காரரிடம் அவ்வளவு வாங்கியிருக்க மாட்டேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். வயது அறுபத்துநாலு. போன வருஷம் அவர் மனைவிக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு, இன்னொரு கையில் பழைய லிப்கோ டிக்‌ஷனரியோடு ஒருநாள் படியேறி வந்தார். முகம் சிவந்திருந்தது.

“தம்பி, இந்த அநியாயத்தைப் பாரு. ‘அனீவென்ட்ஃபுல்’னு எழுதியிருக்கான். ஒண்ணுமே நடக்கலைங்கிறான். ஒண்ணும் நடக்காததுக்கா எண்பதாயிரம் வாங்கினான்?”

“அண்ணே, ஆபரேஷனுக்கு அப்புறம் சிக்கல் ஒண்ணும் வரலைன்னு அர்த்தம். நல்ல செய்திதான்.”

டிக்‌ஷனரியை மூடிவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறார். அதே சம்மரி. கோடு போட்ட நோட்டில் இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் அர்த்தம். டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிய கை, எழுத்து மணிமணியாக இருக்கிறது. முதல் பக்கத்தை முடித்துவிட்டார். பேரன் படித்துச் சொல்ல மாட்டானா என்று ஒருநாள் கேட்டேன். “சொல்வான், அவசரமா சொல்வான்” என்றார்.

போன வாரம் கடைசி வரிக்கு வந்துவிட்டார். ‘ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்.’ என்று இருந்தது.

“கப்பல் முழுகும்போது அடிக்கிற தந்தியில்ல அது? இங்க எதுக்குப் போட்டிருக்கான்?”

எனக்கும் தெரியவில்லை. போனில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொள்ள அரைமணி நேரம் ஆயிற்று. டாக்டர்கள் எழுதுகிற எஸ்.ஓ.எஸ். ஆங்கிலமே இல்லை, லத்தீன். ‘தேவைப்பட்டால்’ என்று அர்த்தம். சொன்னேன். வலது பக்கத்தில் நிதானமாக எழுதிக்கொண்டு, பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தார்.

“லத்தீனுக்கு லிப்கோ போட்டிருக்கானா தம்பி?”